ஜப்பானிய உளி, இழைப்புளி, ரம்பம்: முதன்முறை வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கலாம்?

மரவாசி:

வணக்கம். மூன்று வருஷமாக ஓய்வு நேரத்தில் மரவேலை செய்து வருகிறேன். இதுவரை கையில் இருப்பதெல்லாம் தள்ளி அறுக்கிற ரம்பம், இரும்பு உடம்பு கொண்ட இழைப்புளி, சாதாரண உளிகள். போன மாதம் நண்பர் ஒருவர் தன்னுடைய ஜப்பானிய ரம்பத்தைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். கோட்டை ஒட்டி நூல் பிடித்த மாதிரி இறங்கியது. அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தால் இழைத்து வைத்தது போல இருந்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

ஆனால் வாங்கலாம் என்று உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒரே 12 மி.மீ. உளி, ஒரு இடத்தில் ஒரு விலை, இன்னொரு இடத்தில் அதைப் போல பத்து மடங்கு. வெள்ளைக் காகித எஃகு என்கிறார்கள், நீலக் காகித எஃகு என்கிறார்கள், கையால் அடித்தது என்கிறார்கள். பத்து உளிகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலையும் கைக்கு எட்டுகிறது. வாங்கிவிடலாமா? நான் செய்வது சின்ன மேஜை, பெட்டி, ஸ்டூல். மரம் பெரும்பாலும் கடின மரம்தான்.

உளிச்சத்தம்:

பெட்டியை வாங்காதீர்கள் தம்பி. பத்தில் நான்கைத்தான் எடுப்பீர்கள், மீதி ஆறும் எண்ணெய் பூசிக் காத்திருக்கும். அதே பணத்தில் 6, 12, 24 மி.மீ. என்று மூன்று நல்ல உளிகளும், இரண்டு தீட்டுக்கல்லும் வாங்கலாம். கல்லைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

முதலில் இந்த உளி எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் விலை ஏன் மாறுகிறது என்பது தானாகப் புரிந்துவிடும். ஜப்பானிய உளி ஒரே இரும்பு அல்ல. மெல்லிய கடின எஃகுத் தகடு ஒன்று, அதன் பெயர் ஹகானே. அதன் மேல் தடிமனான மென்மையான இரும்பு, அது ஜிகானே. இரண்டையும் உலையில் காய்ச்சி, அடித்தே ஒட்டுகிறார்கள். அப்படி ஒரு உளியின் சரிவை, அதாவது முனைக்கு இறங்கும் சாய்ந்த முகத்தை, தீட்டி நனைத்துப் பாருங்கள், முனையை ஒட்டிப் பளபளவென்று ஒரு பட்டையும் அதற்கு மேல் மங்கலான சாம்பல் பரப்பும் தெரியும். அந்தப் பட்டைதான் வெட்டுகிறது. அதைக் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 62 முதல் 65 வரை கடினமாக்க முடிகிறது என்றால் காரணம், பின்னால் இருக்கும் மென்மையான இரும்பு அடியை வாங்கிக்கொள்கிறது. முழு உளியும் அவ்வளவு கடினமாக இருந்தால் முதல் அடியிலேயே கண்ணாடி போலத் தெறிக்கும், தீட்டுவதற்கும் நாள் முழுக்க ஆகும்.

திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அது உரா. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு கடினமான எஃகை முழுப் பரப்புக்கும் சமதளமாக்குவது பெரிய பாடு, அதனால் நடுவைக் குழித்து ஓரங்களை மட்டும் கல்லில் படும்படி விட்டிருக்கிறார்கள். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த உராவைத்தான். பள்ளம் நடுவில் இருக்கிறதா, இரண்டு ஓரமும் ஒரே அகலமா, முனைக்கு முன்னால் மெல்லிய தட்டைக் கோடு சீராக ஓடுகிறதா. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் யாரோ அவசரமாக அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எஃகின் பெயருக்கு வருவோம். வெள்ளை, நீலம் என்பது எஃகின் நிறம் இல்லை, ஷிமானே மாகாணத்து யாசுகி ஊரில் உருக்கப்படும் எஃகைச் சுற்றி வந்த காகிதத்தின் நிறம். வெள்ளை 1-இல் கரிமம் 1.25 முதல் 1.35 சதவீதம், வெள்ளை 2-இல் 1.05 முதல் 1.15. நீலத்தில் கூடவே குரோமியமும் டங்ஸ்டனும் சேரும், அதனால் கூர் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், தீட்டுவதற்கும் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும். வெள்ளை சீக்கிரம் கூராகும், மிகக் கூராகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், இருபது வருஷம் இந்த உளிகளோடு இருந்துவிட்டுத்தான் சொல்கிறேன்: எஃகின் பெயரை விட அதற்குத் துவைச்சல் போட்ட, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, கை முக்கியம். நல்ல கொல்லர் கையில் வெள்ளை 2 அருமையான உளியாகும். சூடு தப்பினால் எந்த நிறக் காகிதமும் காப்பாற்றாது.

தேக்குச்சீவல்:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "கையால் அடித்தது" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. தொழிற்சாலையிலேயே எஃகும் இரும்பும் ஒட்டி உருட்டிய தகடு கிடைக்கிறது, ரிகிசாய் என்பார்கள். அதை வெட்டி வடிவம் கொடுத்து விற்பதும் உண்டு, கொல்லர் தன் உலையிலேயே ஒட்டுவதும் உண்டு. ரிகிசாய் மோசம் என்று சொல்லவில்லை, தொடக்கத்துக்கு அது போதும், பல நல்ல உளிகள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அதற்கு உலையில் ஒட்டிய உளியின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கொல்லர், என்ன எஃகு, ஒட்டியது யார்? பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

முத்திரையில் இருக்கும் பெயர் கொல்லருடையதாகவே இருக்கும் என்றும் இல்லை. மொத்த வியாபாரியின் பெயரில் பல கொல்லர்கள் அடித்துக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். ஊர் என்று பார்த்தால் ஹ்யோகோ மாகாணத்தில் மிகி, நீகாதா மாகாணத்தில் சான்ஜோ, யோய்தா. மிகியில் கோட்டை முற்றுகை 1580-இல் முடிந்து, ஊரைத் திரும்பக் கட்டத் தச்சர்களும் கொல்லர்களும் வந்து கூடியதிலிருந்து இந்தத் தொழில் வேரூன்றியது என்று சொல்வார்கள். இன்றும் வருஷா வருஷம் நவம்பரில் அங்கே இரும்புச் சாமான் திருவிழா நடக்கிறது.

அப்புறம் தண்டில் அலை அலையாகக் கோலம் போட்ட உளிகள். பார்க்க அழகு, நானும் ஒன்று வைத்திருக்கிறேன், வெட்டும் திறனுக்கும் அந்தக் கோலத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

நூல்பிடி:

நண்பரே, நீங்கள் மயங்கியது ரம்பத்தைப் பார்த்து. அப்புறம் ஏன் உளியில் தொடங்குகிறீர்கள்? ரம்பத்தில் தொடங்குங்கள். அலகு மாற்றக்கூடிய 240 மி.மீ. ரியோபா ஒன்று போதும். இரண்டு பக்கமும் பல் இருக்கும், ஒன்று நார் ஓட்டத்தோடு அறுக்க, மற்றது குறுக்கே அறுக்க. இணைப்பு வேலை நுணுக்கமாக வந்ததும் டோசுகி என்ற ரம்பம் வாங்கிக்கொள்ளலாம், அதன் அலகு 0.3 மி.மீ. கனம்தான், முதுகில் இரும்புப் பட்டை போட்டு விறைப்பாக வைத்திருப்பார்கள். இழுக்கும்போது தகடு இழுவிசையில் நிற்பதால் வளையாது, அதனால்தான் அவ்வளவு மெல்லிதாகச் செய்ய முடிகிறது. தள்ளும் ரம்பத்தில் அதே கனத்தைப் போட்டால் முதல் தள்ளலிலேயே மடங்கும்.

பழையபட்டறை:

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். அலகு மாற்றும் ரம்பங்களின் பல் நுனி நீலம் பூத்துக் கருத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தால் நொடிப்பொழுதில் பல்லை மட்டும் கடினமாக்குவதால் வருவது. அதில் அரம் வழுக்கும், மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். கையால் அடித்த ரம்பம் அப்படியில்லை, அரம் போட்டு அரம் போட்டு ஒரு தலைமுறை வைத்திருக்கலாம். ஒரு கருவியை வாங்கினால் அதோடு வாழ வேண்டும் என்று நினைப்பவன் நான்.

நூல்பிடி:

ஐயா, உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பல்லுக்கு அரம் போடுவது யார்? குறுக்குவெட்டுப் பல் ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், நுனியில் ஒரு சின்னச் சரிவு வேறு. ஜப்பானிலேயே மெதாதே என்று அதற்கெனத் தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள், இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். முதல் ரம்பத்தைக் கையில் எடுக்கிறவர் எப்படியும் இரண்டு பல்லை உடைப்பார். உடையட்டும், அலகை மாற்றிக்கொள்ளட்டும். கை பழகிய பிறகு கையால் அடித்ததை வாங்கினால் அந்த ரம்பத்துக்கும் மரியாதை.

பழையபட்டறை:

பல் உடைவது பற்றிச் சொன்னது சரிதான், முதல் ரம்பத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மரவாசி, ஒன்றைக் கவனியுங்கள், தொடக்கத்தில் எல்லோரும் அழுத்துகிறார்கள். அழுத்தவே கூடாது. கைப்பிடியின் கடைசியைப் பிடித்து, ரம்பத்தின் எடையை மட்டும் விட்டு, நீளமாக இழுங்கள். திரும்பப் போகும்போது சும்மா போகட்டும். கடின மரம் என்கிறீர்கள், மென்மையான மரத்துக்கான நீளப் பல் அதில் சீக்கிரம் ஒடியும், கடின மரத்துக்கென்று சொல்லி விற்கும் அலகாகக் கேட்டு வாங்குங்கள்.

மரவாசி:

எல்லோருக்கும் நன்றி. ரியோபா சொல்லியாகிவிட்டது. உளி மூன்று என்பதும் மனதில் பதிந்தது. ஒரு பயம் இருக்கிறது. கடின மரத்தில் ஜப்பானிய உளியின் முனை சில்லு சில்லாகப் பறக்கும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். இது உண்மையா?

உளிச்சத்தம்:

உண்மைதான், ஆனால் பாதிக்கு மேல் நம்மால் வருவது. என் முதல் 12 மி.மீ. உளியில் ஒரு மூலை பறந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. துளையின் அடியில் சிக்கிய துண்டை நெம்பி எடுத்தேன். இரும்புக் கடப்பாறை மாதிரி உளியைப் பக்கவாட்டில் மடக்கினேன். 64 ராக்வெல் எஃகு நெம்புவதற்கு அல்ல, அடித்து வெட்டுவதற்கு. மேற்கத்திய உளியில் வந்த பழக்கம் அது, அதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, சரிவின் கோணம். பெரும்பாலும் 30 டிகிரியில் வரும். மிகக் கடினமான மரத்துக்கு 35 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது, புது உளியின் முதல் சில மில்லிமீட்டர் சில நேரம் நொறுங்குகிற மாதிரி இருக்கும், ஐந்தாறு முறை தீட்டி உள்ளே போனால் சரியாகிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே உளி மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்த வகை உளி என்பதும் முக்கியம். ஓய்ரே நோமி என்பது பட்டறை உளி, தலையில் இரும்பு வளையம் இருக்கும், சுத்தியலால் அடிக்கலாம். ட்சுகி நோமி நீளமாக, வளையம் இல்லாமல் இருக்கும், அதை இரண்டு கையாலும் தள்ளிச் சீவ மட்டும்தான், அடிக்கவே கூடாது. உங்களுக்கு ஓய்ரே நோமி. அடிக்கக் கென்னோ சுத்தியல், 375 கிராம் எடையில் ஒன்று. ஏன் 375 என்றால் பழைய அளவில் 100 மொம்மே, ஒரு மொம்மே 3.75 கிராம். அதன் ஒரு முகம் தட்டை, இன்னொன்று லேசாகப் புடைத்தது. உளியைத் தட்டை முகத்தால் அடியுங்கள், புடைத்த முகம் ஆணியைக் கடைசியாக உள்ளே இறக்க.

தேக்குச்சீவல்:

வளையம் என்றதும் ஞாபகம் வந்தது. புது உளி பெட்டியிலிருந்து வரும்போது வளையம் சும்மா மாட்டித்தான் இருக்கும், அப்படியே அடித்தால் கைப்பிடி பிளக்கும். வளையத்தைக் கழற்றி உள் விளிம்பின் பிசிரை வட்ட அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிடியின் தலையைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி மரத்தை ஒடுக்குங்கள், வளையம் தலைக்கு 2, 3 மி.மீ. கீழே இறுக்கமாக உட்காரும் வரை. அப்புறம் தலையை நீரில் நனைத்து, நார்கள் விரிந்து வளையத்தின் மேல் குடை போலக் கவியும்படி சுற்றி அடியுங்கள். அரை மணி நேர வேலை, வருஷக்கணக்கில் நிற்கும்.

கல்லும்நீரும்:

உளிச்சத்தம் அண்ணா கல்லைப் பற்றிக் கீழே சொல்கிறேன் என்று போட்டுவிட்டு உளியிலேயே நின்றுவிட்டார், அதனால் நான் எழுதுகிறேன். 1000 எண் நீர்க்கல் (நீர் விட்டுத் தேய்க்கும் தீட்டுக்கல், எண் கூடக் கூட நைஸ்) ஒன்று, 6000 அல்லது 8000 எண் ஒன்று, கல்லைச் சமதளமாக்க ஒரு வைரத் தகடு. மூன்று பொருள். கியோட்டோ சுற்றுவட்டார மலைகளில் எடுத்த இயற்கைக் கற்களைப் பற்றிப் படித்துவிட்டு மனம் அலைய வேண்டாம், ஒவ்வொரு கல்லும் ஒரு குணம், அது பிற்பாடு.

நீர்க்கல் சீக்கிரம் தேயும், நடுவில் குழியும். குழிந்த கல்லில் உளியின் முதுகை வைத்தால் உரா கெட்டுவிடும், திரும்ப வராது. நான் ஒவ்வொரு முறை தீட்டுவதற்கு முன்னும் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு வைரத் தகட்டால் தேய்ப்பேன், கட்டம் முழுசாக அழிந்தால் கல் சமம். சரிவுக்கு இரண்டாவது சின்னச் சரிவு வைக்கும் பழக்கம் இதில் வேண்டாம். மென்மையான இரும்பு அகலமாக இருப்பதால் சரிவு முழுவதும் கல்லில் தானாகப் படிந்து உட்காரும், அந்த உணர்வு விரலுக்குத் தெரிந்துவிட்டால் கோணம் பிடிக்கும் கருவி எதுவும் தேவைப்படாது. 1000-இல் முனை முழுக்கப் பிசிர் எழும்பும் வரை தேயுங்கள், 6000-இல் முதுகையும் சரிவையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை எடுங்கள். எந்த உளி வாங்கினாலும் அது பாதி முடிந்த பொருள்தான், மீதியை இந்தக் கல்லில் நாம்தான் முடிக்கிறோம். மின் சாணையில் மட்டும் பிடித்துவிடாதீர்கள், முனை நீலம் பூத்தால் துவைச்சல் போய்விட்டது.

மரவாசி:

இழைப்புளியையும் கேட்டுவிடுகிறேன். பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, 70 மி.மீ. அலகு. படங்களைப் பார்த்தால் துருவாக இருக்கிறது, ஆனால் விற்பவர் பெரிய கொல்லர் ஒருவரின் பெயரைச் சொல்கிறார்.

உளிச்சத்தம்:

பெயரை மறந்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். சியோசுரு கொரேஹிதே என்று ஒரு மேதை இருந்தார், 1874-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர், வாள் அடிக்கும் குடும்பத்திலிருந்து இழைப்புளி அலகுக்கு வந்தவர். அவர் பெயரைப் பொறித்த போலிகள் சந்தையில் உலவுகின்றன. பெரிய பெயரும் மலிவு விலையும் ஒன்றாக வந்தால் பெயருக்கு மதிப்புப் போடாமல் அலகுக்கு மட்டும் போடுங்கள்.

அலகில் பார்க்க வேண்டியவை. முதுகுப் பக்கம் முனைக்கு அருகில் துருக்குழி இருந்தால் வேண்டாம், அது எஃகுக்குள் இறங்கியிருக்கும், முனை பல் பல்லாக வரும். சரிவுப் பக்கம் மென்மையான இரும்பில் துரு இருந்தால் கவலை இல்லை. முனைக்கு முன்னால் தட்டைக்கோடு நூல் போல இருந்தால் முந்தைய சொந்தக்காரர் கவனமானவர், பள்ளமே மறைந்து அகலத் தட்டையாகிக் கிடந்தால் கவனமில்லாதவர். எஃகு இன்னும் எவ்வளவு நீளம் மிச்சம்? எஃகும் இரும்பும் சேரும் கோட்டில் விரிசல் இருக்கிறதா? அலகு உட்காரும் மரக் கட்டையில், அலகு எட்டிப் பார்க்கும் வாய்க்குப் பக்கத்தில் வெடிப்பு?

தீட்டித் தீட்டி முதுகின் தட்டை முனையிலிருந்து போய்விட்டால் சரிவுப் பக்கத்து மென்மையான இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி எஃகை முன்னே வளைத்துக் கொண்டுவருவார்கள், உராதாஷி என்று பெயர். அடி ஒவ்வொன்றும் இரும்பில் விழ வேண்டும். ஒரு அடி எஃகில் விழுந்தால் அலகு பிளக்கும். பழைய அலகு வாங்கினால் இது எப்படியும் வரும், அதனால்தான் முதல் இழைப்புளியாகப் பழையதை நான் சொல்வதில்லை.

தேக்குச்சீவல்:

கட்டையைப் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கன்னா என்பதுதான் ஜப்பானிய இழைப்புளி. அதன் உடம்பு ஓக் மரக் கட்டை, கடினமான ஜப்பானிய ஓக். அலகு கிட்டத்தட்ட 40 டிகிரியில் படுத்திருக்கும். ஆப்பு தனியாகக் கிடையாது, அலகே மேலே கனமாகக் கீழே மெல்லிதாக ஆப்பு வடிவில் இருக்கும், இரண்டு பக்கக் காடியில் தானே இறுகும். புதிதாக வந்த கட்டையை இரண்டு மூன்று வாரம் உங்கள் பட்டறையில் சும்மா வையுங்கள், அந்தக் காற்றின் ஈரத்துக்குப் பழகட்டும். பிறகு அலகின் பின்புறம் பென்சிலைத் தேய்த்து உள்ளே தட்டி இறக்குங்கள், திரும்ப எடுத்தால் மரத்தில் எங்கெல்லாம் கறுத்திருக்கிறதோ அங்கெல்லாம் இடிக்கிறது. உளியால் தூசி மாதிரிச் சுரண்டுங்கள். திரும்ப இறக்குங்கள், திரும்பச் சுரண்டுங்கள். அவசரப்பட்டு ஒரு சீவல் அதிகமாக எடுத்தால் அலகு லொட லொட என்று ஆடும், பிறகு காகிதம் ஒட்டித்தான் சரி செய்ய வேண்டும்.

அடிப்பக்கம் முழுசாக மட்டமாக இருக்கக்கூடாது. முன் நுனியும், வாய்க்குச் சற்று முன்னாலும் மட்டும் மரத்தைத் தொட வேண்டும், மற்ற இடம் தலைமுடி கனம் பள்ளமாக இருக்க வேண்டும். நீண்ட பலகையை நேராக்கும் இழைப்புளிக்குக் கட்டையின் பின் நுனியும் தொட வேண்டும். இதைப் பார்க்கும்போது அலகை முழுசாக எடுத்துவிடாதீர்கள், முனை மட்டும் உள்ளே இருக்கும்படி இறுக்கி வைத்தே பாருங்கள், இறுக்கத்தில் கட்டை லேசாக வளையும்.

இதெல்லாம் சரியாக அமைந்த கன்னாவை மென்மையான மரத்தில் இழுத்தால் சீவல் பட்டு மாதிரி வரும். ஜப்பானில் இதற்கென்றே கூடிப் போட்டி போடுகிறார்கள், 10 மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் எடுக்கிறார்கள். அதை முதல் வருஷமே எதிர்பார்க்க வேண்டாம். முதலில் உளியும் ரம்பமும் பழகட்டும், கன்னா அடுத்தது.

பழையபட்டறை:

கோபே நகரில் தாகெனாகா தச்சுக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, 1984-இல் தொடங்கியது, இப்போது ஷின்-கோபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே ஒரு சுவர் நிறையக் கருவிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1943-இல் எடுத்த கணக்கெடுப்பில், ஒரு தச்சர் நல்ல வேலைப்பாடுள்ள கட்டடம் கட்ட 179 கருவிகள் வேண்டும், குறைந்தபட்சம் என்றால் 72 என்று வந்ததாம். அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்கு வாங்க வேண்டும் என்ற ஆசையே அடங்கிவிட்டது. அத்தனையும் ஒரே நாளில் வாங்கியவை அல்ல, ஒவ்வொரு வேலை கேட்டபோது ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை.

மரவாசி:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். பெட்டியை விட்டுவிட்டேன், பழைய இழைப்புளியையும் விட்டுவிட்டேன். வாங்கியது ரியோபா, மூன்று உளி, 375 கிராம் கென்னோ, 1000-மும் 6000-மும், வைரத் தகடு. வளையம் உட்கார வைக்க முதல் உளிக்கு ஒரு மணி நேரம் ஆனது, மூன்றாவதுக்கு இருபது நிமிஷம். நனைத்து அடித்தபோது நார் குடை மாதிரி விரிந்து வளையத்தை மூடியது, தேக்குச்சீவல் சொன்னது சொன்னபடியே.

நேற்று ஸ்டூல் காலுக்கு முதல் துளை போட்டேன். நெம்பவில்லை. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 24-இல் ஒன்றுமில்லை, 6-இல் மட்டும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு சின்ன வெடிப்பு. அதுவும் எஃகோடு நின்றுவிட்டது. கோணம் ஏற்ற வேண்டுமா, இல்லை இது முதல் சில மில்லிமீட்டர் விவகாரமா?

உளிச்சத்தம்:

முதலில் 1000-இல் அந்த வெடிப்பு போகும் வரை தேயுங்கள், கோணத்தைத் தொடாதீர்கள். அதே மரத்தில் அதே துளையைத் திரும்பப் போடுங்கள். மூன்றாவது முறையும் அதே இடத்தில் வந்தால் 6-ஐ மட்டும் 33-க்கு ஏற்றுங்கள், மற்ற இரண்டும் 30-லேயே இருக்கட்டும். அப்புறம் 6 மி.மீ. உளிக்கு 375 கிராம் கொஞ்சம் அதிகம், அடியைக் குறைத்துப் பாருங்கள். தேய்த்த பிறகு ஒரு படம் போடுங்கள், முதுகுப் பக்கமும் சேர்த்து.